காரைத் தாழ்த்தும் முன் உள்ளே இருக்கிற இடைவெளியைப் பாருங்கள்

போன மாதம் பட்டறைக்கு ஒரு ஸ்விஃப்ட் வந்தது. முன் டயர் இரண்டும் மாற்றி 8 மாதம்தான் ஆகிறது, அதற்குள் உள்பக்கம் கம்பி தெரிகிறது என்று ஓட்டிவந்த தம்பி கவலைப்பட்டார். "கொஞ்சம் தூக்கித் தூக்கிப் போடுதுங்கண்ணா. ஆனா பார்க்கக் கும்முனு இருக்குதுங்கள்ல?" என்று கேட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. லிஃப்டில் ஏற்றி, சக்கரங்கள் தொங்கியதும் முன்பக்க ஸ்பிரிங்கைக் கையால் பிடித்து ஆட்டினேன். பெரிய கையில் போட்ட வளையல் மாதிரி கலகலவென்று ஆடியது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்துத் தாங்கும் ஸ்ட்ரட்டின் கீழ்த் தட்டில் அதற்கென்று இருக்கும் பள்ளத்தில் உட்கார வேண்டிய முனை அங்கே இல்லை. காரைத் தாழ்த்துவதற்காக கிரைண்டரால் ஒன்றரைச் சுற்றை அறுத்து எடுத்திருந்தார்கள்.

பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுசாகக் கீழே இறங்கும்போது அந்த ஸ்பிரிங் இடம் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது. பின் சீட்டில் ஒரு குழந்தை சீட் கட்டியிருந்தது.

கோவையில் 17 வருடமாக சஸ்பென்ஷன், வீல் அலைன்மென்ட் வேலை செய்கிறேன். காரைத் தாழ்த்தவே கூடாது என்று சொல்பவன் இல்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவேயில் ஓடும் கார்கள் தரையை ஒட்டித்தான் ஓடுகின்றன. எடை தாழ்வாக இருந்தால் வளைவில் வண்டி நிதானமாக நிற்கும், அது உண்மை. ஆனால் அங்கே தரை வழுவழுப்பு, வண்டியில் ஒரே ஆள், ஓடி முடித்ததும் கழற்றிப் பார்க்க ஒரு குழுவே நிற்கும். நம் வண்டி நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற வண்டி.

தாழ்த்த நினைப்பவர்கள் எல்லோரும் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே தெரியும் இடைவெளியைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு முக்கியம் உள்ளே இருக்கிற இன்னொரு இடைவெளி. சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்ட்ரட் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம், எங்கே போய், அதற்கு மேல் போகாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும் என்பதுதான் அது. கம்பெனி உயரத்தில் அந்தத் தூரம் 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 40 தாழ்த்தினால் மிச்சம் 40தான். சரி, பாதி போனால் ஸ்பிரிங்கைப் பாதி அளவு கூடுதலாகக் கடினமாக்கினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் சக்தி அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே அடியைப் பாதித் தூரத்தில் தாங்க ஸ்பிரிங் 4 மடங்கு கடினமாக இருக்க வேண்டும்.

அறுத்த ஸ்பிரிங் எவ்வளவு கடினமாகும்? கம்பி குறைய, கடினம் கூடும். வேலை செய்யும் சுற்று 5 இருந்து ஒன்றை அறுத்தால் 25 சதவீதம் கூடும், அவ்வளவுதான். 4 மடங்கு வேண்டிய இடத்தில் ஒன்றேகால் மடங்கு. மிச்ச அடியெல்லாம் பம்ப் ஸ்டாப்புக்கும், அதைத் தாண்டி ஸ்ட்ரட்டைப் பாடியோடு பிடிக்கும் மவுன்ட்டுக்கும் பாடிக்கும் போகிறது. "தூக்கித் தூக்கிப் போடுது" என்று அந்தத் தம்பி சொன்னது இதைத்தான். வண்டி ஸ்பிரிங்கில் ஓடவில்லை, ரப்பரில் ஓடிக்கொண்டிருந்தது. வளைவின் நடுவில் ஒரு பக்கம் ரப்பரில் முட்டினால் அந்தச் சக்கரத்தின் பிடி சட்டென்று மாறும். மழையில் இது மிக ஆபத்து.

கேஸ் வெல்டிங் தீயைக் காட்டி ஸ்பிரிங்கை இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது அறுப்பதைவிட மோசம். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். அப்புறம் அது எப்போது இன்னும் இறங்கும், எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது வேகத்தடை. ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி போடப்பட்ட வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்கும். காரின் இரண்டு அச்சுக்கும் நடுவே 2.45 மீட்டர்தான் என்பதால் முழுக் காரும் அதன் மேல் ஏறி நின்றுவிடும், வயிற்றுப் பக்கம் மேடு எழும்புவது சுமார் 44 மில்லிமீட்டர் மட்டுமே. தாழ்த்திய வண்டிகூடத் தப்பிக்கும். ஆனால் ஊருக்குள் நாம் தினமும் ஏறி இறங்குவது ஜல்லியும் தாரும் கொட்டிக் கையால் குவித்த குறுகிய மேடு. அது இரண்டு சக்கரத்துக்கும் நடுவே முழுசாக நுழைந்துவிடும். 130 உயரமுள்ள மேடு என்றால் 130ம் வயிற்றுக்குத்தான். கம்பெனி உயரத்தில் தப்பிக்கும் வண்டி, 40 தாழ்த்தி ஆட்களும் ஏறினால் எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கொடுத்துவிட்டுத்தான் தாண்டும். சம்ப் விரிசல் விட்டு ஆயில் ஒழுகுவதைக் கவனிக்காமல் ஓட்டி எஞ்சினையே இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டயர் ஏன் உள்பக்கம் தேய்ந்தது? வண்டி இறங்கினால் சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மும் ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடும் தங்கள் கோணத்தை விட்டு மேல்நோக்கி நிற்கும். சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவான டோ கலையும், அது மேலிருந்து கீழாகச் சாயும் கோணமான கேம்பரும் மாறும். அந்த வண்டி அலைன்மென்ட் பார்க்காமலே 8 மாதம் ஓடியிருக்கிறது. முன்பக்க டோவைச் சரிசெய்துவிடலாம். இதே ஸ்விஃப்டின் பின்பக்கம் ஒரே உத்தரம் மாதிரியான டார்ஷன் பீம், அதில் திருப்பிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரட் உள்ள முன்பக்கத்தை அளவுக்கு மீறித் தாழ்த்தினால், வண்டியின் எடை மையம் இறங்குவதைவிட வேகமாக அது சாயும் மையப்புள்ளி இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதால் வளைவில் சாயும் உந்துதல் அதிகமாகிறது. தாழ்த்தினால் தானாகவே நன்றாக வளையும் என்ற நம்பிக்கை இங்கேதான் தவறாகிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்சி புத்தகத்துக்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் தகராறாகி நிற்கும். எனவே கை வைக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகும் தாழ்த்தத்தான் வேண்டும் என்றால், அந்த மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங், அதற்குப் பொருந்தும் ஷாக், குட்டையான பம்ப் ஸ்டாப் எல்லாவற்றையும் ஒரே செட்டாகப் போடுங்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் நான் செய்வதில்லை. உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய காயில்ஓவர் வாங்கினால் ஸ்ட்ரட் பாடியின் நீளத்தையே தனியாகக் குறைக்கும் வகையா என்று பாருங்கள். ஸ்பிரிங் தட்டை மட்டும் இறக்கும் வகையில், இறக்க இறக்க உள்ளே போகும் தூரம்தான் குறையும். ஸ்பிரிங் உட்கார 500 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அலைன்மென்டை மறுபடி பாருங்கள், ஹெட்லைட் ஒளி எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். வீட்டில் வைத்து ஸ்ட்ரட்டின் மேல் நட்டைத் திருகிக் கழற்றாதீர்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர் போட்டு இறுக்காவிட்டால் அது முகத்துக்கு நேராகத் தெறிக்கும், உயிரே போகலாம்.

அந்தத் தம்பிக்கு அறுத்த ஸ்பிரிங்கை மாற்றி, ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸிலும் விசாரித்துக்கொண்டு, 25 மில்லிமீட்டர் தாழ்வான செட்டைப் போட்டோம். பிறகு டஸ்ட் கவரைத் தூக்கி, ஸ்ட்ரட்டின் வெள்ளைத் தண்டில் ஒரு சின்ன கேபிள் டையை இறுக்கி, ஸ்ட்ரட் பாடியை ஒட்டித் தள்ளிவிட்டேன். ஸ்ட்ரட் உள்ளே போகும்போது டையும் தள்ளப்பட்டுப் போகும், திரும்பும்போது அங்கேயே நின்றுவிடும். குடும்பத்தோடு பொள்ளாச்சி வரை போய்வரச் சொன்னேன். மறுநாள் வந்தபோது டை பம்ப் ஸ்டாப்பிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி நின்றிருந்தது.