சொல் விளக்கம்: அலைன்மென்ட்

கணினி நினைவகத்தில் பேசப்படும் அலைன்மென்ட், வண்டிச் சக்கரத்துக்கும் அச்சிட்ட பக்கத்துக்கும் சொல்கிற அதே அலைன்மென்ட்தான். பிரெஞ்சு வழியாக வந்த சொல். வேர் லத்தீன் 'லீனியா'. லீனியா என்றால் கோடு, அதற்கு முன் ஆளி நாரில் திரித்த நூல். நாம் 'நூல் பிடித்தாற்போல' என்கிறோமே, அதேதான்.

நினைவகத்தில் இதற்குப் பொருள் கறார்: பொதுவாக நான்கு பைட் எண், நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும். ஒற்றைப்படை முகவரியில் இரண்டு பைட் கேட்டால் மோட்டோரோலா 68000 சில்லு பிழை காட்டி நின்றுவிடும். இன்டெல் சில்லுகள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். இதற்காக சி கம்பைலர் (சி மொழி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது), ஸ்ட்ரக்சரின் (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பின்) உறுப்புகளுக்கு நடுவே வெற்று பைட்களைச் செருகுகிறது. அதுதான் பேடிங்.

ஸ்ட்ரக்சரை அப்படியே கோப்பில் கொட்டும்போதுதான் வில்லங்கம். பிஎம்பி படக்கோப்பின் தொடக்கத்திலுள்ள தலைப்பு (ஹெடர்) 14 பைட், ஐந்து உறுப்புகள்: 2, 4, 2, 2, 4. கம்பைலரை அதன் போக்கில் விட்டால் முதல் இரண்டு பைட்டுக்குப் பின் இரண்டு பைட் செருகி 16 ஆக்கிவிடும். படப்புள்ளிகள் 54-ஆம் பைட்டில் தொடங்குகின்றன என்று நீங்கள் எழுதிய எண், 10-ஆம் இடத்துக்குப் பதில் 12-இல் போய் உட்காரும். படிக்கிற நிரல் 10-இலிருந்து நான்கு பைட் எடுத்து 35,38,944 என்று புரிந்துகொண்டு, இல்லாத இடத்தில் படத்தைத் தேடும். விண்டோஸ் நிரலாளருக்குத் தரும் அறிவிப்புக் கோப்பே (ஹெடர் ஃபைல்) இந்த ஸ்ட்ரக்சரை இரண்டு பைட் எல்லைக்கு இறுக்கித்தான் அறிவிக்கிறது. எந்தக் கணினியிலும் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு உறுப்பையும் பைட் பைட்டாக எழுதுவதே நல்லது. ஒரு எண்ணின் பைட்களை எந்த முனையிலிருந்து அடுக்குவது என்ற பைட் வரிசைச் சிக்கலும் அதிலேயே தீரும்.

தமிழில்? அலைன்மென்டுக்குச் 'சீரமைப்பு' வேண்டாம். சாலையைச் செப்பனிடுவதுபோல் ஒலிக்கிறது. 'முகவரிச் சீர்மை' என்பேன். பேடிங்குக்குத் 'திணிப்பு' என்பாரும் உண்டு. எனக்குப் பிடித்தது 'இசைநிறை'. பொருள் தராமல் செய்யுளின் ஓசையை நிரப்ப மட்டும் வரும் இடைச்சொல்லைத் தொல்காப்பியம் 'இசைநிறைக் கிளவி' என்கிறது. அந்த வெற்று பைட்களுக்கும் அதே வேலைதான்: பொருள் இல்லை, அளவை நிரப்பும்.

பிஎம்பியிலேயே முறையான இசைநிறையும் உண்டு. புள்ளிக்கு மூன்று பைட் எடுக்கும் 24 பிட் படத்தில் மூன்று புள்ளி அகல வரிசைக்கு 9 பைட் போதும். ஆனால் வரிசை நான்கின் மடங்காக வேண்டும் என்பது விதி, ஆகவே 12. இது கம்பைலரின் விருப்பமல்ல, வடிவத்தின் விதி. எந்தக் கணினியிலும் மாறாது.