மவுண்ட் செய்தபின் பழைய ஃபைல்கள் எங்கே போகின்றன?

போன மே மாதம் ஒரு ராத்திரி, சத்துவாச்சாரியில் நான் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலக சர்வர் திணறி நின்றது. டேட்டாபேஸ் எழுத மறுத்தது, மெயில் போகவில்லை. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்துப் பார்த்தேன்: சிஸ்டம் முழுக்க உட்கார்ந்திருக்கும் 40 ஜிபி ரூட் பார்ட்டிஷன், 100 சதவீதம். நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லாக் ஃபைல்கள் வளர்ந்து வளர்ந்து இருந்த இடத்தையெல்லாம் தின்றிருந்தன.

யூனிக்ஸில் ஓயாமல் வளரும் சங்கதிகளுக்கென்றே வார் என்றொரு டைரக்டரி உண்டு. லாக், மெயில், பிரிண்ட் வரிசை, பெரும்பாலும் டேட்டாபேஸும் அதில்தான். அது ரூட்டோடு ஒட்டியிருந்தால், வார் நிரம்பும் நாளில் மெஷினே நிரம்பிவிடும். அதற்குத் தனி ஃபைல் சிஸ்டம் கொடுத்தால் எவ்வளவு வளர்ந்தாலும் தன் வேலிக்குள் நிற்கும்.

ஃபைல் சிஸ்டம் என்பது ஒரு கிராமத்தின் நிலக் கணக்கு மாதிரி. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோடு என்றொரு எண் உண்டு. அதுதான் சர்வே நம்பர். நாம் வைக்கும் பெயர் ‘கிணத்துக் கொல்லை’ என்று சொல்வதைப் போல, அந்த நம்பரைக் காட்டும் அடையாளம் மட்டுமே. லத்தேரியிலும் 112 இருக்கலாம், சேவூரிலும் 112 இருக்கலாம். ஆகவே ஒரு ஃபைல் சிஸ்டத்தில் இருக்கும் பெயர், இன்னொன்றின் ஐநோடைக் காட்ட முடியாது. ஹார்டு லிங்க், அதாவது ஒரே ஐநோடுக்கு வைக்கும் இன்னொரு பெயர், எல்லை தாண்டாததற்குக் காரணம் இதுதான். கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1974-ல் வெளியிட்ட யூனிக்ஸ் கட்டுரையிலேயே இந்தக் கட்டுப்பாடு சொல்லப்பட்டிருக்கிறது.

ஃபைலை இடம் மாற்றும் எம்வி கட்டளை ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவதும் இதனால்தான். கணக்கில் பெயரை மாற்றி எழுதினால் போதும். வேறு ஃபைல் சிஸ்டத்துக்குப் போகும்போது நிலத்தைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியாதே! முழுவதையும் காப்பி எடுத்து, பிறகு பழையதை அழிக்கிறது. நடுவில் கரன்ட் போனால் பாதி இங்கே, பாதி அங்கே. அதனால் நான் எம்வியைத் தொடவில்லை.

சர்வீஸ்கள் எதுவும் ஓடாத ஒற்றைப் பயனர் நிலைக்குச் சர்வரைக் கொண்டுபோய், வாருக்கென்று வாங்கிய புது டிஸ்க்கில் ஈஎக்ஸ்டி4 என்ற வகை ஃபைல் சிஸ்டம் அமைத்து, உரிமையாளர், அனுமதி, ஹார்டு லிங்க் எதுவும் மாறாமல் ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவி மூலம் வாரைக் காப்பி எடுத்தேன். புது டிஸ்க்கை வார் இருக்கும் இடத்தில் பொருத்தச் சொல்லி (இதுதான் மவுண்ட்), மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேப்பில் யூயூஐடி என்ற அடையாள எண்ணோடு ஒரு வரி. ரீபூட்.

சர்வர் நன்றாகவே எழுந்தது. ஆனால் டிஎஃப் ரூட்டில் இன்னும் 39 ஜிபி நிரம்பியிருப்பதாகச் சொன்னது. அதே ரூட்டை டியூ கூட்டிப் பார்த்து 9 ஜிபி என்றது. மீதி 30 எங்கே?

இரண்டு கட்டளையும் பொய் சொல்லவில்லை. டிஎஃப், எத்தனை பிளாக் (டிஸ்க்கின் சிறு துண்டு) செலவானது என்று ஃபைல் சிஸ்டத்தின் கணக்கையே கேட்கிறது. டியூ, பெயர் பெயராக நடந்துபோய்க் கூட்டுகிறது. நடந்து போக வழியில்லாத நிலம் அதன் கூட்டலில் வராது.

மவுண்ட் செய்தால், சிஸ்டத்தின் மையமான கெர்னல் எதையும் அழிப்பதில்லை. ‘இந்த ஊரில் இந்த நம்பருக்கு வருகிறவர்களை அந்த ஊரின் முதல் நிலத்துக்கு அனுப்பு’ என்று தன்னிடம் ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். (ஈஎக்ஸ்டி4-ல் அந்த முதல் ஐநோடு எப்போதும் 2.) பழைய வார் பயிர் பச்சையோடு அப்படியே கிடக்கிறது. அதற்குப் போகும் பாதைதான் திரும்பிவிட்டது.

ரூட்டை வேறொரு டைரக்டரியில் பைண்ட் மவுண்ட் செய்தேன், அதாவது அதே ரூட்டுக்கு இன்னொரு வாசல் திறந்தேன். பைண்ட் மவுண்ட் ரூட்டை மட்டும் காட்டும். அதன்மேல் ஏறியிருக்கும் மற்ற மவுண்ட்கள் கூட வராது. உள்ளே பழைய வார் இருந்தது. அதன் லாக் ஃபைலில் கடைசி வரி 1:42-க்கு நின்றிருந்தது. இன்னொரு ஜன்னலில் அதே பெயருள்ள ஃபைலில் 2:30-இன் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே பெயர், இரண்டு நிலம். பல வருஷம் படித்துத் தெரிந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

புது டிஸ்க்கில் எல்லாம் சரியாக இருப்பதை ஒப்பிட்டுப் பார்த்தபின், பைண்ட் வழியாக உள்ளே போய்ப் பழையதைக் காலி செய்தேன். ரூட் 23 சதவீதத்துக்கு இறங்கியது.

காலியான அந்த டைரக்டரிக்குச் சேட்டர் (chattr) கட்டளையால் ‘மாற்ற முடியாதது’ என்ற குறியும் போட்டேன். ஏதோ ஒரு நாள் புது டிஸ்க் மவுண்ட் ஆகாமல் போனால், சர்வீஸ்கள் சத்தமில்லாமல் அடியில் இருக்கும் வாரில் எழுதி ரூட்டை மறுபடி நிரப்பிவிடும். குறி இருந்தால், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரே எழுதினாலும் கெர்னல் மறுக்கும். எரர் உடனே கண்ணில் படும்.