'நரம்பு இழுத்துக்கிச்சு' என்று சொல்வது தப்பில்லை

"மகன் கபடி ஆடுகிறான். இரண்டாவது பாதியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். உப்புத் தண்ணீர், வாழைப்பழம் எல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. எனக்கோ விடியற்காலையில் படுக்கையிலேயே அதே பிடிப்பு வருகிறது. நான் ஓடவுமில்லை, வியர்க்கவுமில்லை. இரண்டும் ஒன்றுதானா?" ஒரு வாசகியின் கேள்வி இது. இதன் பின்பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

2023 நவம்பர் 15, வான்கடே மைதானம். உலகக்கோப்பை அரையிறுதியில் சுப்மன் கில் 79 ரன்னில் தசைப்பிடிப்பால் வெளியேறி, கடைசி ஓவரில் திரும்பி வந்து 80 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார். அதற்கு எட்டு நாள் முன்பு அதே மைதானத்தில் ஓட முடியாத காலோடு நின்ற இடத்திலிருந்தே அடித்து 201 ரன் எடுத்தார் மேக்ஸ்வெல். இரண்டு முறையும் ஊர் முழுக்க ஒரே பேச்சு: உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது, உப்புக் குறைந்துவிட்டது.

இந்தப் பேச்சுக்கு வயது நூறு. 1920களில் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் வியர்த்துக் கொட்டி, வெறும் தண்ணீரையே குடித்த தொழிலாளர்களுக்குப் பிடிப்பு வந்தது; தண்ணீரில் உப்பைக் கலந்து கொடுத்ததும் குறைந்தது. அது உண்மைதான். ஆனால் எல்லாப் பிடிப்புக்கும் அதையே காரணமாகச் சொல்லிவிட்டார்கள். உடம்பு முழுக்க ஓடுவது ஒரே ரத்தம். உப்புக் குறைந்தால் இடது கெண்டைக்கால் மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்? தென்னாப்பிரிக்காவில் 56 கிலோமீட்டர் ஓடியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் நீரிழப்பிலோ உப்பிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதையெல்லாம் விடுங்கள். பாதத்தை மேலே மடக்கி இழுத்தால் சில நொடிகளில் பிடிப்பு விட்டுவிடுகிறதே, அப்போது யார் வந்து உப்புப் போட்டது?

தசை தானாகச் சுருங்குவதில்லை. தண்டுவடத்தில் இருக்கும் இயக்க நரம்பணு 'சுருங்கு' என்று சொன்னால்தான் சுருங்கும். அந்த நரம்பணுவின் காதில் இரண்டு பேர் ஓயாமல் ஓதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் தசையின் வயிற்றுப் பகுதிக்குள் நூல்கதிர் வடிவில் படுத்திருக்கும் தசைக்கதிர். தசை கொஞ்சம் நீண்டாலும் 'இழுத்துப் பிடி' என்று ஏற்றிவிடுவது அவர் வேலை. மற்றவர் தசையும் அதை எலும்போடு கட்டும் தசைநாணும் சேரும் இடத்தில் இருக்கும் கோல்கி உறுப்பு. நாணில் இழுவிசை ஏறினால் 'போதும், விடு' என்று அடக்குவார். இந்த இருவர் போடும் சண்டையின் சமரசத்தில்தான் நாம் நடக்கிறோம், நிற்கிறோம்.

ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம் இது: தசை களைத்துப்போனால் ஏற்றிவிடுபவரின் குரல் ஓங்குகிறது, அடக்குபவரின் குரல் கம்முகிறது. இதோடு இன்னொன்றும் சேர வேண்டும்: தசை ஏற்கெனவே குறுகிய நிலையில் இருப்பது. பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கும்போது கெண்டைக்கால் தசை குறுகியிருக்கிறது. தசை குறுகிய நிலையில் கோல்கி உறுப்பின் குரல் இன்னும் தாழ்ந்துவிடுகிறது. அந்த நிலையில் மறுபடி சுருங்கச் சொன்னால், அடக்க ஆளில்லாத நரம்பணு படபடவென்று வெடித்துக்கொண்டே இருக்கும். ரெய்டுக்குப் போகும் பையன் நுனிக்காலிலேயே நிற்கிறான். அம்மா குப்புறப் படுத்தாலோ, கனத்த போர்வை பாதத்தின் மேல் அழுத்தினாலோ, தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கி நீண்டு தசை அதே குறுகிய நிலைக்கு வந்துவிடுகிறது. அம்மாவுக்குப் பகல் களைப்பும் வயதும், மகனுக்கு ஆட்டக் களைப்பும் காரணம். பிடிக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கருதப்படுகிறது.

ஆக, 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்று பாட்டி சொன்னதை 'நரம்பு இல்லை, சதை' என்று திருத்திய டாக்டர்கள்தான் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும்.

இழுத்து விடுவதிலும் முறை இருக்கிறது. முழங்காலை நேராக நீட்டுங்கள். கெண்டைக்காலில் உருண்டு தெரியும் தசை முழங்காலுக்கு மேலே தொடங்குவதால், முட்டியை மடக்கினால் அது தொய்ந்துவிடும். விரல்களுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு துண்டைப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக உங்களை நோக்கி இழுத்து 20 முதல் 30 நொடி பிடியுங்கள். வெடுக்கென்று இழுக்கவோ, ஆட்டி ஆட்டி இழுக்கவோ கூடாது; அது தசைக்கதிரை இன்னும் உசுப்பிவிடும். துண்டால் இழுக்கும்போதே பாதத்தை நீங்களாகவும் மேலே தூக்க முயலுங்கள். முன்கால் தசை வேலை செய்தால் எதிரில் இருக்கும் கெண்டைக்கால் தசையை ஓயச் சொல்வது தண்டுவடத்தின் வழக்கம். மைதானத்தில் அடிக்கும் ஸ்பிரே தோலைத்தான் குளிர்விக்கும். டிவியில் பார்க்க நன்றாக இருக்கும்.

ஊறுகாய்த் தண்ணீர் விஷயம் இன்னும் ருசியானது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கால் பெருவிரலை மடக்கும் தசையில் மின்சாரம் கொடுத்துப் பிடிப்பை வரவழைத்து, எடையில் கிலோவுக்கு 1 மில்லி வீதம் வெள்ளரி ஊறுகாயின் வினிகர் நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். வெறும் தண்ணீர் குடித்ததைவிட ஏறத்தாழ 49 நொடி முன்னதாகப் பிடிப்பு விட்டது. குடித்து ஐந்து நிமிடம் ஆகியும் ரத்தத்தில் உப்பின் அளவு மாறவே இல்லை. அப்படியானால் வேலை செய்தது வயிறு இல்லை, தொண்டை. வினிகரின் புளிப்பு அங்குள்ள நரம்பு முனைகளைச் சுரீரென்று தூண்ட, அந்தச் செய்தி போய் நரம்பணுவை அடக்குகிறது என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. நம் மாங்காய் ஊறுகாய் எண்ணெயில் மிதப்பது, அதை யாரும் இப்படிச் சோதித்ததாகத் தெரியவில்லை. ஆசைப்பட்டுக் குடித்துவிடாதீர்கள்.

வாழைப்பழத்தைப் பசிக்குச் சாப்பிடலாம். ஒரு லிட்டர் வியர்வையில் போகும் பொட்டாசியம் 200 மில்லிகிராம் அளவுதான்; சோடியமோ ஆளைப் பொறுத்து அரை கிராமிலிருந்து 2 கிராம் வரை போகும். இளநீரிலும் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. சூட்டில் ஓடி வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் பிடிப்பு இன்னும் சுலபமாக வரும் என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அவர்களே ஓஆர்எஸ் கரைசல் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், அளவு மாறக் கூடாது. ஆகவே உப்புக்கும் ஒரு பங்கு உண்டு, முழுப் பங்கும் இல்லை. பையனுக்கு முக்கிய மருந்து, ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிட வேகத்தைப் பயிற்சியிலேயே பழகுவது.

அம்மாவுக்கு: படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் கெண்டைக்காலை நீட்டிப் பிடியுங்கள், காலுக்கு மூன்று முறை. நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் ஆறு வாரம் செய்து பார்த்ததில் இரவுப் பிடிப்பு குறைந்தது. மெக்னீசியம் மாத்திரை முதியவர்களுக்குப் பெரிதாக உதவவில்லை என்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. ஆனால் மாத்திரையை விற்கலாம், சுவரை விற்க முடியாது. சுவரை ஆராய யார் பணம் தருவார்கள்? மலேரியாவுக்குத் தரும் கொய்னா (குயினைன்) மாத்திரையைப் பிடிப்புக்கென்று கேட்டு வாங்காதீர்கள்; ரத்தத்தட்டுகளை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும். நீர் பிரிய மாத்திரையோ கொழுப்புக்கு ஸ்டாட்டினோ சாப்பிடுகிறவர்கள், நீங்களாக நிறுத்தாமல், பிடிப்பு வருவதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்று நிலைகளில் துண்டை எடுக்காதீர்கள். 'டப்' என்ற உணர்வோடு வலி வந்து, ஓரிடத்தைத் தொட்டாலே துடித்து, மறுநாள் நீலம் பாய்ந்தால் தசை கிழிந்திருக்கலாம். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் வலித்து, நின்றதும் விட்டால், அதுவும் புகைப்பவருக்கோ சர்க்கரைக்காரருக்கோ என்றால், ரத்தக்குழாய் அடைப்பைச் சோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி விடாமல் இருந்தால் உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீவி விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.