அந்தச் சொல்லை எண்ணாதீர்கள்

ஒரு வெள்ளைத் தாள். அதில் பேனாவால் ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள், மொத்தம் 43. அதை என் மேசைமேல் வைத்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "பத்து நிமிஷம்தான் மேடம் பேசினா. அதுக்குள்ள நாப்பத்து மூணு 'வந்து'. கேக்கறவங்களுக்கு எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினைந்து வயது மகள் தலையைத் தூக்கவே இல்லை.

பேச்சு சிகிச்சையாளரான என்னிடம் "இந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்து விட்டுடுங்க" என்று கேட்டு வருபவர்கள் நிறைய. 'பார்த்தீங்கன்னா' இல்லாமல் வாக்கியம் தொடங்காத ஆசிரியர், மூச்சுக்கு மூச்சு 'ஆக்சுவலா' சொல்லும் இளைஞர், ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'புரியுதா?' என்று கேட்கும் மேலாளர். பெரும்பாலும் அவர்களாக வருவதில்லை, கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வீட்டார்தான் கூட்டி வருகிறார்கள்.

அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் பெயரைக் கேட்டேன். "வந்து… வந்து…" என்றாள். பிறகு பெயரின் முதல் எழுத்தில் உதடுகள் ஒட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது, கண் ஒருமுறை இறுக மூடித் திறந்தது. நான் காத்திருந்தேன். பெயர் வந்தது.

அவளுக்குத் திக்கல் இருந்தது. ஏழெட்டு ஆண்டுகளாக வீட்டில் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள். சிக்கும் எழுத்து எதிரே வருகிறது என்று தெரிந்தால் 'வந்து' போட்டுக்கொண்டு, அந்த வேகத்திலேயே அதைத் தாண்டிவிடுவாள். ஓடையைத் தாண்ட நடுவில் போட்ட கல் அது. அம்மா கோடு போட்டு எண்ணத் தொடங்கியதும் கல் போய்விட்டது. அதன்பிறகு அவள் வீட்டில் பேசியதெல்லாம் 'ஆமா', 'இல்ல', 'தெரியல' மூன்றுதான். எரிச்சல் தீர்ந்தது என்று அந்த அம்மா நினைக்கவில்லை, பயந்துபோய்த்தான் அழைத்து வந்திருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. திக்கலை இப்படி மூடி மறைக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒருவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி நம்மை எரிச்சலூட்டும்போது, அந்தச் சொல் அவருக்கு என்ன வேலை செய்து கொடுக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். திருத்துவது அதற்குப் பிறகு.

எரிச்சல் பொய்யானதல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள லேக் சுப்பீரியர் ஸ்டேட் பல்கலைக்கழகம் 1976 முதல், அலுத்துப்போன சொற்களை 'நாடு கடத்தும்' பட்டியல் ஒன்றை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பட்டியலுக்குச் சொற்களை எழுதி அனுப்புவது பொதுமக்கள்தான். ஒரு சொல்லை மீண்டும் மீண்டும் கேட்டால் அதன் பொருள் சற்று நேரத்துக்குக் கரைந்துபோய் வெறும் ஒலி மட்டும் மிஞ்சும். லியோன் ஜகோபோவிட்ஸ் 1962-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்ட ஆய்வையே இதைப் பற்றிச் செய்தார். 'கதவு' என்று முப்பது முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். ஒருவரின் 'பார்த்தீங்கன்னா'வை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு அவர் சொல்லும் விஷயம் காதில் ஏறாது, அது மட்டும்தான் கேட்கும்.

ஆனால் சொல்பவர் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு. ஆங்கிலத்தில் பேசுபவர்கள் இடையில் போடும் 'அஹ்', 'அம்' இரண்டையும் ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரு உளமொழியியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். சிறிய தாமதம் வரும்போது 'அஹ்' வருகிறது, நீண்ட தாமதத்துக்கு முன் 'அம்' வருகிறது என்பது அவர்கள் கண்டது. 'பொறுங்கள், இன்னும் முடிக்கவில்லை' என்று கேட்பவருக்குக் காட்டும் கை அது. நம் 'வந்து'வும் 'அதாவது'வும் செய்வது ஏறக்குறைய இதே வேலைதான். செய்யுளில் பொருள் இல்லாமல் சேர்ந்து வந்த 'அரோ', 'மாது' போன்றவற்றுக்கு நம் இலக்கணம் அசைநிலை என்று பெயர் கொடுத்து ஓர் இடமும் ஒதுக்கி வைத்திருக்கிறது. பேச்சில் வந்தால் மட்டும் ஏன் குற்றமாகப் பார்க்கிறோம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

வெறும் பழக்கமாக ஒட்டிக்கொண்ட சொல் என்றால் அதை விடுவிப்பது கடினமில்லை. இரண்டு நிமிடம் பேசி ஒலிப்பதிவு செய்யுங்கள். அந்தச் சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் வருகிறதா, நடுவிலா என்று கேளுங்கள். வரும் இடத்தில் வாயை மூடி ஒரு மூச்சு விடுங்கள். பேசுபவருக்கு யுகமாகத் தெரியும் அந்த இடைவெளி கேட்பவருக்கு உறைப்பதே இல்லை. இதை அவரே விரும்பிச் செய்ய வேண்டும். மற்றவர் எண்ணிச் சொன்னால் பதற்றம் கூடும், சொல்லும் கூடும்.

இனி, உண்மையிலேயே அளவுக்கு மீறித் தேய்ந்துபோன சில சொற்களுக்கு வருகிறேன். அவற்றைச் சொல்பவர்கள் திக்குபவர்கள் அல்ல, அவர்களைச் சுற்றி இருப்பவர்கள். 'மெதுவா பேசு.' 'நிதானமா, மூச்சு இழுத்து விட்டுப் பேசு.' 'யோசிச்சுப் பேசு.' 'எதுக்கு டென்ஷன்?' திக்கும் பிள்ளை ஒவ்வொன்றும் இவற்றைப் பேசக் கற்ற நாளிலிருந்து கேட்டு வளர்கிறது. முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் என்னிடம் சொன்னார்: "எனக்கு உலகத்துலயே பிடிக்காத வார்த்தை 'நிதானமா'." அவர் அவசரப்படவே இல்லை. திக்கல் அவசரத்தால் வருவதல்ல, யோசிக்காமல் பேசுவதாலும் வருவதல்ல. பேச்சை நடத்தும் மூளைப் பாதைகளின் வளர்ச்சியோடு தொடர்புடையது அது, பல குடும்பங்களில் மரபுவழி வருகிறது. குழந்தைகளில் ஏறக்குறைய 100-க்கு 5 பேர் ஏதோ ஒரு காலத்தில் திக்குகிறார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு அது போய்விடுகிறது. தங்கிவிடுபவர்களிடம் 'நிதானமா' என்று சொன்னால், 'நீ சொன்னதை நான் கேட்கவில்லை, நீ சொன்ன விதத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்' என்றுதான் அவர்கள் காதில் விழுகிறது.

பிள்ளையின் வேகம் குறைய வேண்டும் என்றால் உங்கள் வேகத்தைக் குறையுங்கள். கண்ணைத் திருப்பாதீர்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். அவன் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். இவ்வளவு எளிதா என்று கேட்பார்கள். வீட்டில் ஒரு வாரம் செய்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் எங்கோ கேட்ட ஒரு தொடரை நாள் முழுக்கச் சொல்வார்கள். பொருளற்ற உளறல் என்று அதட்டி நிறுத்துகிறோம். எப்போது சொல்கிறது என்று குறித்துப் பாருங்கள். 'கதவைச் சாத்து' என்று ஒரு குழந்தை சொன்னது, கதவு இல்லாத இடத்திலும், சத்தம் தாங்காத ஒவ்வொரு வேளையிலும். அதன் மொழியில் 'பயமா இருக்கு' என்பதற்கு அதுதான் சொல்.

வயதானவர்களின் 'அது', 'இது', 'அந்த சாமான்' வேறொரு கணக்கு. பெயர் நாக்கு நுனியில் நின்று, அரை மணி கழித்துத் தானாக வந்தால் அது வயதோடு வருவதுதான். ஆனால் சில மாதங்களாக அன்றாடப் பொருள்களின் பெயர்களே தொலைந்து, பேச்சு முழுக்க 'அது அங்கே, இது இங்கே' என்று ஆகிவிட்டால், அதே கேள்வி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால், 'எத்தனை தடவை சொல்றது' என்று சலித்துக்கொள்வதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மறதி நோயின் தொடக்கத்தில் சொற்கள் இப்படித்தான் உதிர ஆரம்பிக்கும். பேச்சு திடீரென்று, நிமிடங்களுக்குள், குழறினாலோ சம்பந்தமில்லாமல் போனாலோ ஒரு நொடியும் காத்திருக்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும்.

பக்கவாதத்துக்குப் பின் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பார்த்த பிறகுதான் தேய்ந்த சொற்களைப் பற்றிய என் எண்ணமே மாறியது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பேச்சிழப்பு ஏற்படுகிறது. அஃபேசியா என்போம். நினைவும் அறிவும் இருக்கும், சொல் வராது. 1861-இல் பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் பால் புரோக்கா என்ற மருத்துவர் லெபோர்ன் என்ற நோயாளியைப் பார்த்தார். அவருடையதும் இதே பேச்சிழப்புதான். எதைக் கேட்டாலும் அவர் சொன்னது 'டான்' என்ற ஒரே ஒலி, பெரும்பாலும் இரண்டு முறை சேர்த்து. மிகவும் கோபம் வந்தால் மட்டும் ஒரு வசைத்தொடர் முழுசாக வாயிலிருந்து வரும். 21 ஆண்டுகள் மருத்துவமனையில் இருந்த அவரை அங்கே எல்லோரும் டான் என்றே அழைத்தார்கள். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்துத்தான் பேச்சுக்கும் இடது முன்மூளையின் ஒரு பகுதிக்கும் உள்ள தொடர்பை புரோக்கா சொன்னார்.

யோசித்து உருவாக்கும் பேச்சு வேறு, பழகிப் பழகித் தானாக வரும் பேச்சு வேறு என்று அதே நூற்றாண்டில் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் பிரித்துக் காட்டினார். முதலாவது அழிந்த பின்னும் இரண்டாவது பல நேரம் தப்பிவிடுகிறது. 'தண்ணி வேணும்' என்று சொல்ல முடியாதவர் ஒன்று முதல் பத்து வரை எண்ணுவார், பழைய பாட்டைப் பாடுவார், 'வணக்கம்' சொல்வார், திட்டவும் செய்வார். நாம் ஆயிரம் முறை சொல்லித் தேய்த்த சொற்கள்தான் அந்த நாளில் நமக்குத் துணை நிற்கின்றன. பாட்டின் மெட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லை மீட்கும் சிகிச்சை முறை ஒன்று 1973-இல் வந்தது, இன்றும் பயன்படுத்துகிறோம்.

என்னிடம் வந்த ஒருவருக்கு மிஞ்சியது 'சரி சரி' மட்டும். சாப்பிட்டாயா என்றால் சரி சரி. வலிக்கிறதா என்றால் சரி சரி. வேண்டாம் என்பதற்கும் அதுவேதான். மனைவி முதல் நாள் என்னிடம் அழுதார். "எதைக் கேட்டாலும் சரிங்கறார். செஞ்சா தட்டி விடறார். வேணும்னே பண்றார்னு நேத்து கத்திட்டேன் மேடம்."

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. வாயைத் திறந்தால் அந்த ஒன்றுதான் விழுகிறது, அது தவறு என்று அவருக்கே தெரிகிறது, திருத்த வழியில்லை. சில விஷயங்களைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும். டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். வாய் சொல்வதை விட்டுவிட்டுக் கட்டைவிரலைப் பாருங்கள், மேலே என்றால் ஆம், கீழே என்றால் இல்லை. இரண்டு பொருளைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். பத்து வரை மனத்தில் எண்ணிக் காத்திருங்கள். குரலின் ஏற்ற இறக்கத்தைக் கவனியுங்கள், சொல் ஒன்றாக இருந்தாலும் ராகம் ஒன்றாக இருக்காது.

ஆறு வாரம் கழித்து ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பக்கத்துக்கு ஒன்றாக நான்கு 'சரி' எழுதியிருந்தார். இழுத்துச் சொன்னால் வேண்டாம். சட்டென்று இரண்டு முறை சொன்னால் ஆமாம். மூச்சோடு சேர்ந்து இறங்கினால் வலி. நான்காவதுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. இது என்ன என்று கேட்டேன்.

"ராத்திரி நான் படுக்கப் போகும்போது சொல்வார் மேடம். அது எனக்கு மட்டும்."