பிரஷ்ஷை வாயில் வைக்காதீர்கள், தயவுசெய்து

போன ஞாயிறு காலை ஆறரை மணி. வேலூர் சதுப்பேரி ஏரிக்கரையில் என் மாணவர்கள் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாணவர்கள் என்றால் பள்ளிப் பிள்ளைகள் இல்லை. இருப்பதிலேயே இளையவருக்கு 38 வயது, மூத்தவருக்கு 71. யாரும் பேசவில்லை. முக்குளிப்பான் பறவை ஒன்று முங்குவதும், நாம் எதிர்பார்க்காத இடத்தில் தலை தூக்குவதுமாக இருந்தது. பள்ளி வேலை முடிந்தும் இந்த ஞாயிறு ஓவிய வகுப்பை நான் விடாமல் வைத்திருப்பது இந்த அரைமணி நேரத்துக்காகத்தான் என்று நினைத்தபடி அவர்கள் பின்னால் நடந்தேன். நாலாவது ஆளிடம் வந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. மனிதர் காட்மியம் என்ற விஷ உலோகத்தில் செய்த மஞ்சளில் தோய்த்த பிரஷ்ஷை, ஊசியில் நூல் கோக்கிறவர் நூல் முனையை நனைப்பாரே அதேபோல, உதட்டில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"சார், வாயிலிருந்து எடுங்க."

"இன்னா மாஸ்டர், வாட்டர் கலர்தானே? தண்ணிதானே?"

ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் அவர். திரவத்தை அளந்தெடுக்கிற பிப்பெட் குழாயை வாயால் உறிஞ்சக் கூடாது என்று ஜூனியர்களைத் திட்டித் தீர்த்த காலம் உண்டாம், அவரே பிறகு சொன்னார். இந்த வருடம் என் வகுப்பில் இதே காரியத்தைச் செய்து மாட்டிய ஐந்தாவது ஆள். அதற்கு இரண்டு வாரம் முன்பு இன்னொரு மாணவி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அம்மா கலர் குழைக்கிற தட்டை, அதாவது பேலட்டை, நக்கிவிட்டு மஞ்சள் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் மூன்று வயதுப் பெண் குழந்தை. கீழே மூன்று சிரிப்புப் பொம்மைகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தண்ணிதானே" என்கிற இந்த ஒரு வார்த்தையை முதலில் தீர்த்துவிடுகிறேன். வாட்டர் கலர் என்பது தண்ணீரில் செய்த கலர் இல்லை. தண்ணீர் அதில் சுமைதூக்கி மட்டும்தான். நிறம் தருகிற பொடியான நிறமியைக் காகிதம் வரை தூக்கிப் போய் இறக்கிவிட்டு ஆவியாகிவிடும். மீந்து ஒட்டியிருப்பது நிறமியும், அதைப் பிடித்துவைக்கிற அக்கேசியா மரப் பிசினும். அதே நிறமியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் ஆயில் கலர். பால் போலிருக்கிற பிளாஸ்டிக் கரைசலில் குழைத்தால் அக்ரிலிக். குழைக்கிற பொருள்தான் மாறுகிறது. ஆயில் கலர் என்றால் பயப்படுகிறீர்கள், வாட்டர் கலர் என்றால் நக்குகிறீர்கள். இரண்டு டியூபிலும் காட்மியம் என்றால் காட்மியம்தான், கோபால்ட் என்றால் கோபால்ட்தான், இரண்டும் உடம்புக்கு ஆகாத உலோகம்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? 1917-க்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கடிகார முகப்பில் இருட்டில் ஒளிரும் எண்களை எழுத இளம்பெண்களை வேலைக்கு வைத்தார்கள். பிரஷ்ஷை உதட்டில் வைத்து முனை எடுக்க அவர்களுக்குச் சொல்லியே கொடுத்தார்கள். பெயின்ட்டில் இருந்தது ரேடியம், கதிர்வீச்சு வீசும் உலோகம். பலருக்குத் தாடை எலும்பு அழுகியது, பலர் செத்தார்கள். அந்தப் பெயின்ட்டை எதில் குழைத்தார்கள் தெரியுமா? பிசினிலும் தண்ணீரிலும். வாட்டர் கலர்தானே!

உங்கள் பெட்டியில் ரேடியம் இல்லை, சரி. காட்மியம் நிறமியாக இருக்கும்போது அவ்வளவு சுலபத்தில் கரையாது, அதுவும் சரி. ஒருமுறை நக்கினால் மயங்கி விழ மாட்டீர்கள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. விழுந்தால் அடுத்த முறை செய்ய மாட்டீர்கள். ஒன்றும் ஆகாததால் ஞாயிறுதோறும் நூறு தடவை செய்கிறீர்கள். உடம்புக்குள் சேர்ந்த காட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். அதில் பாதி வெளியேறவே 10 வருடத்துக்கு மேல் ஆகும். நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு குவிந்து கிடக்கிற கதை தெரியாதவர் இங்கே யார்? கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வந்தால் ஊரே மறியலுக்கு உட்காருகிறது. குரோம் மஞ்சள் என்று ஒரு டியூப் இருக்கிறது. லெட் குரோமேட். ஈயமும் குரோமியமும் சேர்ந்தே வருகிறது. அதை மட்டும் உதட்டில் வைக்கலாமா?

எல்லா நிறமும் விஷம் என்று சொல்லவில்லை. பர்ன்ட் சியன்னா என்று விலை கொடுத்து வாங்குகிறீர்களே, அது அடிப்படையில் நம் கோலத்துக்குக் கட்டுகிற காவிதான், இரும்புத் துரு கலந்த மண். அல்ட்ராமரின் நீலமும் பெரிதாகத் தொல்லை தராது. டியூபைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பி.ஒய். 35 காட்மியம் மஞ்சள், பி.ஆர். 108 காட்மியம் சிவப்பு, பி.ஒய். 34 நான் மேலே சொன்ன குரோம் மஞ்சள், பி.டபிள்யூ. 1 ஈய வெள்ளை. பெயரோடு 'ஹ்யூ' என்று இருந்தால் அந்த நிறத்தைப் போலவே தெரிகிற மாற்று நிறமி. கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதுவே போதும், விலையும் குறைவு. ஆனால் 'நான்-டாக்ஸிக்' என்று அட்டையில் போட்டிருப்பது சாப்பிடச் சொல்லி இல்லை. குழந்தை இருக்கிற வீட்டில் பேலட்டைக் கழுவாமல் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள், அம்மா. அலமாரி மேல்தட்டில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஏன் நக்குகிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். முனை விரிகிறது. மட்டமான பிரஷ், அல்லது தண்ணீர் அதிகம். எச்சில் அதற்கு மருந்தாகாது. டம்ளர் விளிம்பில் பிரஷ்ஷைச் சாய்த்து, சுழற்றியபடி இழுங்கள். பழைய வேட்டித் துணியில் ஒற்றுங்கள். முனை தானாகக் கூடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, கொஞ்சம் சோப்பு மிச்சம் இருக்கும்போதே விரலால் முனையைக் கூட்டிக் காயவிடுங்கள். அடுத்த ஞாயிறு ஊசி மாதிரி இருக்கும்.

நான் யோக்கியன் என்று பேசவில்லை. எனக்கு எழுத்து எழுதக் கற்றுக்கொடுத்தவர் பேனர் ஆர்ட்டிஸ்ட். வாயில் ஒரு பிரஷ், கையில் ஒரு பிரஷ். அவரைப் பார்த்து நானும் எட்டு வருடம் அப்படித்தான் திரிந்தேன். அந்தக் காலத்து எனாமல் பெயின்ட்டில் ஈயம் எவ்வளவு இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதியே 2016-இல்தான் வந்தது, அதுவும் வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுக்கு.

கோபமாக எழுதுகிறேன் என்றால் காரணம் உண்டு. இவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று பார்க்கிறேனே. முதல் வகுப்பில் மலை வரையச் சொன்னால் அத்தனை பேரும் இரண்டு பச்சை முக்கோணம் போட்டு நடுவில் சூரியனைச் சொருகுவார்கள். வேலூரில் பிறந்து வளர்ந்தவர்கள்! மரம் இல்லாத மலை என்று ஊரே பழமொழி சொல்லும். (அதே பழமொழியில் வருகிற 'சாமி இல்லாத கோயில்' மட்டும் 1981-இல் கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்பக் குடிவந்ததும் பொய்யாகிவிட்டது.) கோட்டை அகழிக்கரையில் நிறுத்தி, கிழக்கே தெரிகிற மலையைக் கால்மணி நேரம் பார்க்க மட்டும் சொல்வேன். பிரஷ் எடுக்கக் கூடாது. பத்தாவது நிமிடம் ஒருவர் சொல்வார், "மாஸ்டர், பாறை ரோஸா இருக்குது." இன்னொருவர், "இல்ல, நிழல்ல நீலம்." காவியும் அல்ட்ராமரினும் கலந்தால் அந்தப் பாறையின் சாம்பல் வந்துவிடும். அது முதல்முறை காகிதத்தில் படரும்போது அறுபது வயது முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு அம்மா, கணவர் போனபின் யாரோ சொல்லி வந்தவர். ஒரு மாதம் வரை வாயே திறக்கவில்லை. ஒருநாள் வந்ததும் வராததுமாக, "காட்பாடிக்குப் பாலாத்துப் பாலத்துமேல முப்பது வருஷமா பஸ்ல போய்க்கினு வந்துக்கினு இருக்கேன். சாயங்காலம் மணல்ல நிழல் ஊதாவா விழுதுன்னு நேத்துதான் கண்ணுல பட்டுது" என்றார். அன்று முழுக்க மணலையே வரைந்தார். படம் சுமார்தான். அதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நேரமில்லை. வெளியே வரைய ஆறு மணிக்கு வாருங்கள், எட்டரைக்கு மூட்டை கட்டுங்கள். அக்னி நட்சத்திரத்தில் பத்து மணிக்கு ஏரிக்கரையில் உட்காருவது வீரம் இல்லை. கலரும் தொட்டவுடன் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும், தலையும் சுற்றும். வெள்ளைக் காகிதத்தை நேர்வெயிலில் வைக்காதீர்கள், கண் கூசி நிறமே பிடிபடாது. பி.பி. மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாக அதில் சிறுநீர் பிரிக்கிற மாத்திரையும் இருந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். பாறை இடுக்கில் கை விடுமுன், உட்காருமுன், கொம்பால் தட்டுங்கள். ஷூ போடுங்கள்.

ஆயில் கலர் பக்கம் போகிறவர்கள் கலரை இளக்குகிற டர்பன்டைனை ஏ.சி. போட்டு மூடிய அறையில் திறக்காதீர்கள். தலைவலி வந்தால் 'மூட்' சரியில்லை என்று பிரஷ்ஷை நொந்து பயனில்லை, ஜன்னலைத் திறங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போதே சூடாகி, நெருப்புக்குச்சி இல்லாமல் தானே பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

கழுவின தண்ணீரை ஏரியில் ஊற்றுகிறவர்களே, முக்குளிப்பானைப் பார்த்து "ஆஹா" என்றவரும் நீங்கள்தானே? பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுபோய், குழந்தைகள் எட்டாத இடமாகப் பார்த்து, மொட்டைமாடியில் பழைய டப்பாவில் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு நாளில் வற்றிவிடும், அடியில் நிற்பதைக் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடலாம்.

குடிக்கிற தண்ணீருக்கு மூடி போட்ட பாட்டில். பிரஷ் கழுவ வேறு டம்ளர், அதன் கழுத்தில் சிவப்பு நூல். டீயில் பிரஷ் நனைத்தவர்களையும் கலர்த் தண்ணீரைக் குடித்தவர்களையும் நான் பார்த்தாயிற்று.

லேப் டெக்னீஷியன் நேற்று தன் டம்ளரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நூல் ஒன்றுக்கு மூன்று சுற்று, கூடவே மார்க்கரில் மண்டையோடு எலும்பு. பக்கத்தில் அன்று வரைந்த படமும் தெரிந்தது. மலையை இன்னும் பச்சையாகத்தான் அடித்திருக்கிறார். அதை வரும் ஞாயிறு பார்த்துக்கொள்கிறேன்.