கேனன்: சொல் விளக்கம்

ஃபேன்டசி தொடர் ஒன்றில் புது எபிசோட் வந்ததுமே ரசிகர்களிடம் ஒரு சண்டை கிளம்பும், அதில் "இது கேனனே இல்லை" என்ற வரி கட்டாயம் இருக்கும். கதையில் எது உண்மையாக நடந்தது, எதை ஏற்றுக்கொள்ளலாம் என்பதற்கான அதிகாரபூர்வ வரம்புதான் கேனன். நாவலிலிருந்து எடுத்த தொடர் என்றால் பெரும்பாலும் அந்த நாவலைத்தான் சொல்கிறார்கள்.

சொல்லின் வேர் கிரேக்கம். அங்கே 'கானோன்' என்றால் நேரான கோல், அளவுகோல். நாணலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள் (பீரங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதே நாணல்தான் வேர், ஆனால் அது வேறு வழியாக வந்தது). அப்புறம் கிறித்தவத் திருச்சபை, விவிலியத்தில் எந்தெந்த நூல்கள் சேரும் என்ற பட்டியலுக்கு இதைப் பயன்படுத்தியது. புனைகதைக்கு வந்தது ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்களால். 1911இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ், விவிலிய ஆய்வாளர்களின் பாணியிலேயே ஹோம்ஸ் கதைகளை அலசி வேடிக்கையாக ஒரு கட்டுரை படித்தார். அந்த மரபில் வந்தவர்கள் கோனன் டாயில் எழுதிய 4 நாவல்களையும் 56 சிறுகதைகளையும் கேனன் என்றே அழைத்தார்கள்.

தமிழில் என்ன சொல்வது? கிறித்தவத் தமிழில் 'திருமுறை' இருக்கிறது, சைவத்திலும் இருக்கிறது, ஆனால் டிராகன் கதைக்கு அது பொருந்தாது. 'நியதி' என்றால் யாருக்கும் புரியாது. என் தேர்வு 'முதல்நூல்'. இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கும் சொல், கூடவே தன் ஜோடியையும் கூட்டிவருகிறது: வழிநூல். நன்னூல் வழிநூலுக்குச் சொல்லும் இலக்கணத்தைப் பாருங்கள், முன்னோர் நூலின் முடிபோடு ஒத்திருக்க வேண்டும், "பின்னோன் வேண்டும் விகற்பம்" கூறலாம். அதாவது பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்துகொள்ளலாம், போய்ச் சேரும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும். நாவலைத் தொடராக்கும் வேலைக்கு இதைவிட நல்ல வரையறை எனக்குத் தெரியவில்லை.

இந்த அளவுகோலை, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையிலிருந்து எடுத்த கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடர் மேல் வைத்துப் பார்க்கலாம். இரண்டாம் சீசனில் ஹாரன்ஹால் கோட்டையில் ஸ்டார்க் குடும்பத்துச் சிறுமி ஆர்யா தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு, தன் குடும்பத்தின் எதிரியான டைவின் லானிஸ்டருக்குப் பணிவிடை செய்கிறாள். நாவலில் அவள் பானம் ஊற்றிக் கொடுப்பது ரூஸ் போல்டன் என்ற வேறொரு பிரபுவுக்கு, டைவினோடு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தொடரிலோ டைவின் அவள் சொந்த ஊர் எது என்று துருவுகிறார், அவள் பொய்யைப் பிடித்துவிடுகிறார், பிறகு தன்னோடு போரிடும் அவளுடைய அண்ணனைப் பற்றியே கேட்கிறார், அவனைக் கொல்ல முடியாது என்கிறார்களே, நீ நம்புகிறாயா என்று. யாரையும் கொல்லலாம் என்று அவள் பதில் சொல்லும்போது ஆர்யாவாக நடித்த மெய்சி வில்லியம்ஸ் பார்வையைத் தாழ்த்துவதே இல்லை. முழுக்க விகற்பம்தான், ஆனால் நாவலை வரிக்கு வரி அறிந்தவர்கள்கூட இதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், ஏனென்றால் இரண்டு பாத்திரங்களும் தங்கள் குணத்திலிருந்து நழுவவில்லை.

கடைசி சீசன் வேறு கதை. மார்ட்டினின் நாவல் வரிசையில் ஐந்தாம் நூல் 2011இல் வந்தது, 2019இல் தொடர் முடிந்தபோதும் ஆறாவது வரவில்லை. முடிவின் பெரிய திருப்பங்களை அவர் தயாரிப்பாளர்களிடம் முன்பே சொல்லியிருந்தார், ஆனால் வாசகன் கையில் எதுவும் இல்லை. முதல்நூலே முடியாதபோது வழிநூல் எந்த முடிபோடு ஒத்துப்போவது? அந்த சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி 15 லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள். அதைப் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. டிராகன்களை வைத்திருக்கும் அரசி டெனேரிஸ் கொடுங்கோலியாக மாறுவதை, அவளாக நடித்த எமிலியா கிளார்க் முகத்தில் கொண்டுவந்துவிட்டார், அதற்கான காரணங்களை நிறுத்தி நிதானமாகக் காட்ட எழுத்து இடம் கொடுக்கவில்லை, குறை அங்கேதான்.

கேனனோடு ஒட்டிவரும் இரண்டு சொற்களும் உண்டு. ஹெட்கேனன் என்பது ஒரு ரசிகர் தனக்குள் வைத்திருக்கும் விளக்கம், 'மனக்கதை' போதும். ஃபேனன் என்பது ரசிகர் கூட்டமே சேர்ந்து நம்பத் தொடங்கியது, இதற்கு 'ரசிகர் வழக்கு' சரியாக வரும். நாவலில் டைவின் மழித்த தலையும் பொன்னிறக் கிருதாவும் கொண்டவர், ஆனால் தொடரில் டைவினாக சார்லஸ் டான்ஸ் நடித்த பிறகு நாவலைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு அவர் முகம்தான் மனதில் வருகிறது, அதுவும் ஒரு வகையில் ரசிகர் வழக்குதான்.