மோத் ஆர்க்கிட் வாங்கும் முன் தொட்டியைத் தூக்கி வேரைப் பாருங்கள்

மோத் ஆர்க்கிட் வாங்க நர்சரிக்கு வருபவர்கள் பூவை எண்ணுவார்கள், நிறம் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள். தொட்டியைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர் அபூர்வம். சில மாதம் கழித்து அதே செடி இலை துவண்டு எங்களிடம் திரும்பி வரும்போது, பத்தில் எட்டுச் செடிக்காவது வேர்தான் போயிருக்கும்.

இந்தச் செடியின் பூர்வீகம் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தைவான் பக்கத்துக் காடுகள். மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும். ஒட்டுண்ணி அல்ல, மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சாது. மழையில் வேர் நன்றாக நனையும், கொஞ்ச நேரத்தில் காற்றில் காய்ந்துவிடும். அதற்கு ஏற்ப வேரைச் சுற்றி ஸ்பாஞ்ச் மாதிரி ஓர் உறை இருக்கிறது. ஈரம் குடித்தால் பச்சையாகும், காய்ந்தால் வெள்ளி நிறத்துக்கு வரும். செடி தனக்கு என்ன வேண்டும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும்போது, கேலண்டர் பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை.

அதனால்தான் நல்ல செடிகள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியில் வருகின்றன. கடையில் அழகுத் தொட்டிக்குள் வைத்திருந்தால் உள்தொட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள். வேர் பருமனாக, கெட்டியாக, பச்சையாகவோ வெள்ளியாகவோ இருக்க வேண்டும். பழுப்பாகி, அழுத்தினால் கொழகொழவென்று அமுங்கினால் எவ்வளவு பூ இருந்தாலும் விட்டுவிடுங்கள். இலைகள் கூடும் நடுக்குருத்தில் கறுப்பு இருக்கக் கூடாது. இலையின் அடிப்பக்கத்திலும் இடுக்கிலும் மாவுப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதிப் பூ விரிந்து, மீதி மொட்டாக இருக்கும் செடி நல்லது. எல்லாமே மொட்டாக இருந்தால், வண்டியில் குலுங்கி வீடு வந்த அதிர்ச்சியில் பாதி உதிர்ந்துவிடலாம்.

பளிச்சென்ற நீல ஆர்க்கிட் கேட்டுப் பலர் வருகிறார்கள். அது பூத்தண்டு வழியாகச் சாயம் ஏற்றிய வெள்ளைப் பூ. அடுத்த முறை வெள்ளையாகத்தான் பூக்கும். இதாவது பரவாயில்லை, கையில் ஒரு செடியாவது இருக்கும். ஆன்லைனில் 'ஆர்க்கிட் விதை, பாக்கெட் 100 ரூபாய்' என்று வருவதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி போல இருக்கும். முளைக்கத் தேவையான உணவு அதற்குள் கிடையாது. காட்டில் ஒரு வகைப் பூஞ்சை அதற்குத் துணை செய்கிறது. பூஞ்சை இல்லாமல், சர்க்கரை சேர்த்த சத்துக் கூழில் முளைக்க வைக்கலாம் என்று 1922இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன் காட்டினார். இன்றும் அது ஆய்வகத்தில், கண்ணாடிக் குடுவையில் நடக்கும் வேலைதான். மண்ணில் தூவினால் ஒன்றும் வராது.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. போன மழைக்காலத்தில் ஒருவர் செடியைக் கொண்டுவந்து, "சார், இலை தொங்குதுன்னு தினமும் தண்ணி ஊத்துறேன், அப்பவும் இப்படியே இருக்கு" என்றார். தொட்டியிலிருந்து எடுத்து ஒரு வேரை லேசாக இழுத்தேன். மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் போல நரம்பு மட்டும் மிச்சம். அழுகிய வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. அதனால் இலை துவளும். தாகம் என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம், மிச்ச வேரும் போகும். இலை துவண்டால் முதலில் வேரைப் பாருங்கள், அப்புறம் செம்பை எடுங்கள்.

வேர் முழுக்க வெள்ளியாக மாறிய பிறகு, காலையில் தொட்டியை சிங்க்கில் வைத்து அடியில் ஓடும் அளவுக்குத் தாராளமாக ஊற்றுங்கள். முழுதாக வடிந்த பிறகே அழகுத் தொட்டிக்குள் வையுங்கள். அதன் அடியில் தண்ணீர் தேங்கவே கூடாது. சென்னை மே மாதத்தில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம், ஐப்பசி மழையில் பத்து நாள்கூட ஆகலாம். நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குருத்து அழுகும். ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. சிக்கனம் நல்லதுதான், ஆனால் உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். மழைத் தண்ணீரோ ஆர்ஓ நல்ல தண்ணீரோ கொடுங்கள்.

தோட்ட மண்ணும் தூள் தேங்காய் நார்க்கழிவும் வேண்டாம். பைன் பட்டை, கரித்துண்டு, ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டு போதும். ஸ்பாக்னம் என்ற காய்ந்த பாசி நெருக்கமாக அடைத்து வந்த செடியை, பூ முடிந்ததும் இதற்கு மாற்றிவிடலாம். வெளிச்சத்துக்குக் கிழக்கு ஜன்னல் ஏற்றது. இலை கரும்பச்சையானால் வெளிச்சம் போதவில்லை, ஓரம் சிவந்தால் அதிகம். மொட்டைமாடி வெயில் ஒரே நாளில் இலையைச் சுட்டுவிடும்.

மறுபடி பூக்குமா என்பதற்கு நேர்மையான பதில்: ஊரைப் பொறுத்தது. வெப்பம் விடாமல் 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இலை வரும், பூத்தண்டு வராது. சில வாரங்கள் இரவு 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஓசூர், கோவைக்காரர்களுக்கு மார்கழி, தை மாதங்களே பார்த்துக்கொள்ளும். சென்னையில் அந்தக் குளிர் சற்றுக் குறைவு; இரவில் ஏசி ஓடும் அறையில், காற்று நேராகப் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். பூக்கவில்லை என்று உரத்தைக் கூட்டாதீர்கள். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதுவும் வேர் நனைந்த பிறகு. மொட்டு வந்த செடியைப் பழுத்த மாம்பழம், வாழைப்பழம் பக்கத்தில் வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்த்துவிடும்.

வேர் அழுகிய செடியை உடனே தூக்கி எறிய வேண்டாம். சுத்தமான கத்தரியால் அழுகியதை எல்லாம் வெட்டி, வெட்டிய வாயில் மட்டும் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள் தொட்டு வையுங்கள். நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும். ஒரு நாள் காயவிட்டுச் சின்னத் தொட்டியில் நடுங்கள். புது வேர் எட்டிப் பார்க்கும் வரை உரம் வேண்டாம். பூத்தண்டு இருந்தால் வெட்டிவிடுங்கள், பலவீனமான செடி அதையும் சுமக்க முடியாது. மனசு வராதுதான். ஆனால் தண்ணீர் ஊற்றிய ஜாடியில் வைத்தால் அந்தப் பூ ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும்.